பறக்கும் தட்டான், நிற்காத தேனீ: படம் கெட்டால் காரணத்தை எங்கே தேடுவது

ஐப்பசி மழைக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்றுவிட்டு வந்தால் என் கார்டில் 600, 700 படம் சேர்ந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து கழித்தால் மிஞ்சுவது நாலு. நல்ல நாளாக இருந்தால் ஏழு. பறக்கும் பூச்சியில் நூற்றுக்கு ஒன்று தேறினாலே கை நன்றாக வருகிறது என்றுதான் அர்த்தம், அதனால் எண்ணிக்கையைப் பார்த்து மனம் விட வேண்டாம். மீதி 99 எதனால் கெட்டன என்று பார்க்காமலே அழிப்பதுதான் தப்பு. அப்படி அழித்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே 99-ஐ எடுத்துக்கொண்டு வருவோம். நான் இரண்டு வருஷம் அப்படி வந்திருக்கிறேன். லென்ஸைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், ஒருமுறை லென்ஸையே மாற்றினேன். படம் மாறவில்லை.

கெட்ட படத்தைக் கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்று இடத்தைப் பாருங்கள்: பூச்சியின் கண், இறக்கை நுனி, பின்னால் இருக்கும் புல். எது தெளிவு, எது மங்கல், மங்கலுக்கு ஒரு திசை உண்டா என்று பாருங்கள். பாதி நோய் இதிலேயே பிடிபட்டுவிடும். கீழே உள்ளவை அந்த அறிகுறிகளின்படி. ஒரு நாளில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். நாலைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

படத்தில் பூச்சியே இல்லை, அல்லது ஓரத்தில் வால் மட்டும் இருக்கிறது

எல்லோரும் தொடங்கும் இடம் இது. கண் பார்த்து மூளை சொல்லி விரல் அழுத்த நமக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. கேமரா தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தட்டான் அவசரமில்லாமல் நொடிக்கு 3 மீட்டர் போனாலும் அந்த 0.2 நொடியில் 60 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். 300 எம்எம் லென்ஸில், ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில், 3 மீட்டர் தூரத்தில் உங்கள் படத்துக்குள் அடங்கும் அகலமோ 20 சென்டிமீட்டர்கூட இல்லை. பார்த்ததும் அழுத்தலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அது வருவதற்கு முன்னால் அழுத்த வேண்டும், அதற்கு அது எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் அரை மணி நேரம் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நில்லுங்கள். தட்டான்களில் இரண்டு குணம் உண்டு. குளக்கரையில் பார்க்கும் சிவப்புத் தட்டான் போன்றவை ஒரு குச்சி நுனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எழும்பும், ஒரு கொசுவைப் பிடிக்கும், அதே நுனிக்குத் திரும்பும். பத்து முறை போனால் எட்டு முறை அங்கேயே வந்து உட்காரும். இதற்காக நான் ஒரு காய்ந்த மூங்கில் குச்சியைக் கொண்டுபோய், பின்னணி சுத்தமாக இருக்கும் இடமாகப் பார்த்துத் தண்ணீரோரம் நட்டுவிடுவேன். சுற்றிலும் அதைவிட உயரமான நுனி இல்லையென்றால் பெரும்பாலும் வந்து அமரும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாகத்தான் இறங்கும். ஆக, குச்சி நுனிக்கு ஒரு சாண் தள்ளி, காற்று போகும் பக்கமாக ஃபோகஸை நிறுத்திக் காத்திருந்தால் இறங்கும் தட்டான் அந்த இடத்தைக் கடந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு வகை உட்காரவே உட்காராது. மழைக்காலத்தை ஒட்டி மைதானத்திலும் வயல்மேலும் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டான், ஆங்கிலத்தில் வாண்டரிங் கிளைடர் என்பார்களே, அது இந்த ரகம். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிற பூச்சி என்று 2009-இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். அவ்வளவு தூரம் போகிறதுக்குக் குச்சி நட்டுக் காத்திருப்பது வீண். ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் இருக்கிறது: ஒரே நீள்வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும். திரும்பும் முனையில் வேகம் குறையும். அந்த முனையைக் கண்டுபிடித்து நில்லுங்கள்.

எல்லாவற்றிலும் எளிது முட்டையிடும் ஜோடி. சில தட்டான்களில் பெண் ஒரே இடத்தில் வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுக்கும். ஆண் அதற்குச் சற்று மேலே அந்தரத்தில் காவல் நிற்கும். அந்த ஆண் ஒன்றிரண்டு நொடி நகராமல் நிற்பதுண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் இதில் பழகுவதுதான் நல்லது.

தேனீக்களில் நீலவரித் தேனீ எனக்குப் பிடித்தது. தூதுவளை, கத்தரி பூத்திருக்கும் இடத்தில் நில்லுங்கள். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், அப்போது சத்தம் கீச்சென்று உயரும். சத்தம் நின்றதும் பூவை விட்டுப் பின்வாங்கி ஒரு கணம் முகத்தைப் பூவுக்கு நேரே வைத்து நிற்கும். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கும் நேரத்தில் அழுத்துங்கள். கண்ணைவிடக் காது இந்த வேலையில் வேகம்.

கருவியாலும் இந்தக் குறையைப் பாதி தீர்க்கலாம். பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை நொடி, ஒரு நொடியையும் சேமித்துத் தரும் வசதி இப்போது பல கேமராக்களில் இருக்கிறது. ஒலிம்பஸ் 2016-இல் இ-எம்1 மார்க் 2-வில் புரோ கேப்சர் என்று கொடுத்தது. பிறகு கேனான், நிக்கான், ஸோனி மாடல்களிலும் வெவ்வேறு பெயரில் வந்துவிட்டது. உங்கள் கேமராவில் இருந்தால், பூச்சி உட்கார்ந்திருக்கும்போது பாதி அழுத்தி வைத்துக்கொண்டு, எழும்பியதும் முழுதாக அழுத்துங்கள். எழும்பிய கணமும் கையில் இருக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு, ரப்பர் இறக்கையைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று: நெருக்கமாக வைக்காதீர்கள். பூச்சி படத்தில் மூன்றில் ஒரு பங்கு, கால் பங்கு வந்தால் போதும். 24 மெகாபிக்சலில் வெட்டி எடுக்க இடம் தாராளமாக இருக்கிறது. ஓரத்தில் அறுபட்ட இறக்கையை எந்த மென்பொருளாலும் ஒட்டவைத்துத் தர முடியாது.

பின்னால் உள்ள கோரைப்புல் பளிச், தட்டான் மங்கல்

ஆட்டோஃபோகஸ் கோரையைப் பிடித்துவிட்டது. அதன் மேல் தப்பில்லை. பெரிய, கோடு கோடான, நகராத பொருளைத்தான் அது விரும்பும். விரல்நீளப் பூச்சியை ஏன் விட்டாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்லும்?

லென்ஸில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலர் வாங்கி வருஷக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். அதைக் கிட்டப் பக்கமாகத் தள்ளினால் தூரத்து மரத்துக்கு ஓடிவிட்டுத் திரும்பிவரும் நேரம் மிச்சம். அடுத்து, தட்டான் சுற்றும் தூரத்திலேயே இருக்கும் ஒரு தண்டையோ மிதக்கும் இலையையோ பார்த்து முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு தட்டானைத் தேடுங்கள். பூச்சி வ்யூஃபைண்டரில் ஏற்கெனவே ஓரளவு தெளிவாகத் தெரிந்தால்தான் கேமராவால் அதைப் பிடிக்க முடியும். முழு மங்கலில் இருப்பதைக் கேமராவால் பார்க்கவே முடியாது. பூச்சி நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும் தொடர் ஃபோகஸ், நடுவில் சிறிய ஃபோகஸ் புள்ளிக்கூட்டம், ஃபோகஸைக் கேமராவின் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றுவது, இவை பழக ஒரு வாரம். 2022-இல் வந்த ஸோனி ஏ7ஆர் 5 போன்றவற்றில் பூச்சியை அடையாளம் காணும் வசதியே இருக்கிறது, ஆனால் அதற்கும் பூச்சி ஓரளவு பெரிதாகத் தெரிய வேண்டும்.

பின்னணியை மாற்றுவது இதையெல்லாம்விடச் சுலபம். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் கோரை போய்த் திறந்த தண்ணீர் வரும். தண்ணீர் பின்னணியில் ஆட்டோஃபோகஸ் தடுமாற்றம் வெகுவாகக் குறையும். நான் இடம் தேர்ந்தெடுப்பதே இதைப் பார்த்துத்தான், வெளிச்சம் இரண்டாவது.

மேக்ரோ லென்ஸால் துரத்துகிறீர்களா? விட்டுவிடுங்கள். பெரும்பாலான மேக்ரோ லென்ஸ்கள் நிதானமாக நகர்பவை. அதில் ஆட்டோஃபோகஸை அணைத்து, தூரத்தை நிறுத்தி, பூச்சி அந்தத் தளத்துக்குள் நுழையும்போது தொடர்ந்து சுடுவதுதான் ஒரே வழி. தேனீக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அது போகும் பாதையில் உடம்பை முன்னும் பின்னும் ஒரு விரல் அளவு அசைத்து அசைத்து எடுப்பேன். பக்கத்தில் பார்ப்பவர்களுக்குச் சாமியாடுவதுபோல் இருக்கும்.

எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது

புல்லும் பூச்சியும் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியது. புல் கூர்மையாக இருந்து பூச்சி மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம், அதாவது படம் பதியத் திறந்திருக்கும் நேரத்தின் குறுக்கம், போதவில்லை. புல் கோடு கோடாகி, பூச்சியின் கண் மட்டும் கூர்மையாக இருந்தால் அது குறையே கிடையாது. பூச்சியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிப் பழகிவிட்டீர்கள், அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

ஷட்டர் எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்கு போடலாம். தட்டான் நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வையுங்கள். 1/2000 நொடியில் அது நகரும் தூரம் 2.5 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் அகலத்தை 6000 பிக்சலில் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 40 பிக்சல், ஆக 100 பிக்சல் இழுப்பு. 1/4000 வைத்தாலும் 50 பிக்சல். அதாவது குறுக்கே பறக்கும் தட்டானைக் கேமராவை அசைக்காமல் வெறும் ஷட்டரை வைத்து நிறுத்தவே முடியாது. இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் நான் துரத்துவதை நிறுத்தினேன். ஒன்று, கேமராவைக் கூடவே திருப்ப வேண்டும். அல்லது அது நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நேரே நம்மை நோக்கி வருவது குறுக்கே போவதைவிடக் குறைவாக இழுபடும், ஆனால் ஃபோகஸ் கையைவிட்டுப் போகும்.

லென்ஸில் இருக்கும் ஆட்டத்தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும். பூச்சியை நிறுத்தாது. அதை நம்பி ஷட்டரைக் குறைத்தவர்கள் நிறையப் பேர்.

மங்கலுக்குத் திசையே இல்லாமல், எங்கும் கூர்மை இல்லாமல், ஏதோ எண்ணெய் பூசியதுபோல் இருந்தால்? மணி பதினொன்றுக்கு மேல் பாறை, கான்கிரீட் கரை, வயல் மேல் எடுத்த படமா என்று பாருங்கள். கானல். காசு கொடுத்து எதை வாங்கினாலும் தீராது. காலை எட்டு மணிக்குப் போனால் தீரும்.

உடம்பு கூர்மை, இறக்கை மட்டும் புகை

இது குறையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எனக்குப் பல நேரம் குறையாகப் படாது. வேண்டாம் என்றால் எந்தப் பூச்சி என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

தட்டான் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை இறக்கையடிக்கும். நாலு சென்டிமீட்டர் இறக்கையின் நுனி சராசரியாக நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடும். 1/4000-இல் அது அரை மில்லிமீட்டர் சொச்சம் நகரும், நரம்புகள் எண்ணும்படி தெரியும். அதோடு, இறக்கை மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. பத்துப் படம் தொடராக எடுத்தால் ஒன்றிரண்டு அந்தத் திருப்பத்தில் விழும். ஆக தட்டானுக்கு 1/2500 முதல் 1/4000, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800, 1600 என்று தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் வரும் இரைச்சலை, அதாவது புள்ளி புள்ளியான கறையை, கணினியில் குறைக்கலாம், புகையை முடியாது.

தேனீ வேறு உலகம். நொடிக்கு 200-க்கும் மேல் அடிக்கிறது. இறக்கை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, ஆனால் நுனி நொடிக்கு ஆறேழு மீட்டர் ஓடுகிறது. 1/4000-இல் ஒன்றரை மில்லிமீட்டர், அந்தக் குட்டி இறக்கையில் அது ஆறில் ஒரு பங்கு. 1/8000 வைத்தாலும் புகைதான். தேனீ, பூ ஈ, இட்லிப்பூவுக்கு அந்தியில் வரும் பருந்துப் பூச்சி, இவற்றின் இறக்கையை நிறுத்த ஷட்டர் உதவாது. ஃபிளாஷ்தான் வழி.

ஃபிளாஷ் போட்டேன், அப்படியும் இறக்கை மங்கல்

மிக அதிகம் குழப்புவது இதுதான், நானும் இரண்டு மாதம் இதில் மாட்டிக்கொண்டேன். காரணங்கள் மூன்று, மூன்றும் வெவ்வேறு ஜாதி.

ஒன்று, ஹை ஸ்பீடு சிங்க் போட்டிருப்பீர்கள். பெயரைப் பார்த்து வேகமான ஃபிளாஷ் என்று நினைத்துவிடுகிறோம், நடப்பது நேர் எதிர். கேமராவின் ஷட்டர் 1/200, 1/250-க்கு மேலே போனால் சென்சார் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. ஒரு இடுக்கு மேலிருந்து கீழே ஓடும். அந்த இடுக்கு ஓடி முடிக்கும் வரை வெளிச்சம் இருக்க வேண்டுமே என்று ஃபிளாஷ் நிறுத்தாமல் படபடவென்று மின்னிக்கொண்டே இருக்கும். அது ஏறக்குறைய தொடர் விளக்குதான். இறக்கையை நிறுத்துவது அப்போதும் ஷட்டர் வேகம்தான், ஃபிளாஷ் இல்லை. தட்டானின் நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் கொடுக்க அது நல்லது. தேனீக்குப் பயனில்லை. அதை அணைத்துவிட்டு ஷட்டரை 1/200-க்கு இறக்குங்கள். 1/200-இல் பறக்கும் தேனீயா என்று மனம் அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும்.

இரண்டு, ஃபிளாஷை முழு சக்தியில் வைத்திருப்பீர்கள். சாதாரணமாகக் கேமரா மேல் பொருத்தும் ஃபிளாஷ் சக்தியைக் குறைப்பதே மின்னும் நேரத்தைச் சீக்கிரம் துண்டித்துத்தான். நிக்கான் எஸ்பி-800-இன் கையேட்டில் கொடுத்திருக்கும் எண்களைப் பாருங்கள்: முழு சக்தியில் 1/1050 நொடி, பதினாறில் ஒரு பங்கில் 1/10,900, நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்கில் 1/41,600. முழு சக்தியில் தேனீ இறக்கை நுனி ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பதினாறு, முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். வெளிச்சம் குறையும், ஆகவே ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பூவுக்கு ஒன்றரை அடிக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு ஃபிளாஷ் கிடைத்தால் ஒவ்வொன்றையும் முப்பத்திரண்டில் ஒரு பங்கில் வையுங்கள். ஒன்றைப் பதினாறில் வைத்த அதே வெளிச்சம், ஆனால் இன்னும் குறுகிய மின்னல். முன்னால் ஒரு வெள்ளை ஃபோம் தாள் கட்டினால் தேனீயின் முதுகில் வரும் வெள்ளைப் பொட்டு மறையும். பெரிய ஸ்டுடியோ விளக்குகளில் சில பழைய மாடல்கள் சக்தியைக் குறைத்தால் மின்னும் நேரம் நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள். கல்யாண ஸ்டுடியோவில் இரவல் வாங்கிக்கொண்டு வருபவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

மூன்றாவது, இறக்கை கூர்மையாகவே இருக்கும், ஆனால் அதைச் சுற்றி ஒரு ஆவிபோல இன்னொரு மங்கல் உருவம் தெரியும். வெயில் கலந்துவிட்டது. ஃபிளாஷ் மின்னியது 1/20,000 நொடி, ஷட்டர் திறந்திருந்தது 1/200 நொடி. மீதி நேரம் முழுதும் சூரியன் தன் படத்தை வரைந்துகொண்டிருந்தது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் ஏறினால் துவாரம் சிறிது), 1/100 என்பது படத்துக்குச் சரியான வெளிச்ச அளவு, அதாவது எக்ஸ்போஷர், என்று பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு. 1/250 வைத்தாலும் வெயில் ஒன்றேகால் ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைகிறது, ஆவி போகாது. குறைந்தது மூன்று ஸ்டாப் இறங்க வேண்டும். நிழலுக்குப் போனால் வெளிச்சம் தானாகவே அந்த அளவு இறங்கிவிடும். என் வீட்டில் தூதுவளை ஏறியிருப்பது கிழக்குச் சுவர். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அது சுவர் நிழலில் இருக்கும், தேனீயும் வரும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு ஸ்டுடியோ.

இப்படி வெயிலைக் குறைத்தால் பின்னணி கருத்துப்போகும். நள்ளிரவில் தேனீ பறப்பதுபோல் இருக்கும். பூவுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இலையோ, வெளிர்பச்சை அட்டையோ இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சம் அதிலும் விழுந்து கருப்பு போய்விடும். அட்டை வைப்பது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுப்பதைத்தான் நான் ஏமாற்று என்பேன்.

மின்னலால் இறக்கையை நிறுத்தும் யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பாரிஸில் எத்தியென்-ஜூல் மாரே குளவி இறக்கையில் தங்கத் தகட்டுத் துணுக்கை ஒட்டி, வெயிலில் அது மின்னும் பாதையைப் பார்த்தார். அவரிடமிருந்து வந்த லூசியன் புல் 1904-இல் மின்பொறி வெளிச்சத்தில் பறக்கும் பூச்சிகளைத் தொடர் படங்களாக எடுத்தார். 1970-களில் இங்கிலாந்தின் ஸ்டீஃபன் டால்டன் 1/25,000 நொடி ஃபிளாஷும் லேசர் போன்ற ஒளிக்கற்றைப் பொறியும் அமைத்து எடுத்த படங்கள்தான் இந்தத் துறைக்கே அடித்தளம். அவருடைய பறக்கும் பூச்சிப் படம் ஒன்று 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டிலும் போயிருக்கிறது. ஒளிக்கற்றைப் பொறியை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: பூச்சி கற்றையைத் தொட்ட பிறகு சாதாரணக் கேமரா விழித்துக்கொள்ள 0.05 நொடி ஆனாலும், நொடிக்கு 3 மீட்டரில் போகும் பூச்சி 15 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். அதற்கென்று வேகமான தனி ஷட்டர் பொருத்த வேண்டும்.

இறக்கை ரப்பர்போல வளைந்திருக்கிறது

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். அது படத்தை வரி வரியாகப் படிக்கும். பல கேமராக்களில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 1/20, 1/30 நொடி வித்தியாசம். அதற்குள் தட்டான் ஒரு முழு இறக்கையடிப்பை முடித்துவிடும், தேனீ ஏழெட்டை முடித்துவிடும். ஷட்டர் 1/8000 என்று காட்டினாலும் இந்த வளைவு போகாது. முன்னால் சொன்ன புரோ கேப்சர் வகை வசதிகளின் விலை இதுதான், அவை எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் ஓடும்.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் தட்டான் சரியாகிவிடும். தேனீயில் அங்கேயும் கொஞ்சம் மிச்சமிருக்கும், இடுக்கு ஓடவே 1/250 நொடி ஆகிறதே. வேகமாகப் படிக்கும் சென்சார் கொண்ட நிக்கான் இசட்9 போன்றவற்றில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, தேவைப்படவும் இல்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட ஸோனி ஏ9 3 படத்தை ஒரே நேரத்தில் முழுதாகப் படிக்கும், வளைவு என்ற பேச்சே இல்லை. விலையைப் பார்த்துவிட்டு நான் மெக்கானிக்கலுக்கே திரும்பினேன். 1/200-இல் ஃபிளாஷ் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கண் கூர்மை, வால் மங்கல்

கூர்மை ஆழம் போதவில்லை. பூச்சியின் உருவம் சென்சாரில் அதன் நிஜ அளவில் ஐந்தில் ஒரு பங்காக விழும்போது எஃப் 8-இல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். பாதி அளவில் விழுந்தால் 2 மில்லிமீட்டர்தான். எஃப் 11 வரை போங்கள், அதற்குமேல் மூடினால் படம் மொத்தமும் மென்மையாகும். அதைவிட, தட்டானின் உடம்பு சென்சாருக்கு இணையாகப் பக்கவாட்டில் இருக்கும் கோணத்தில் நில்லுங்கள். காற்றுக்கு எதிர்முகமாகத்தான் அந்தரத்தில் நிற்கும், ஆகவே காற்று உங்கள் இடது அல்லது வலது காதில் படும்படி நின்றால் பக்கவாட்டுத் தோற்றம் தானாக வரும்.

வெறும் கருப்பு நிழல்

வானத்துக்கு எதிரே எடுத்தது. எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், அல்லது மேனுவலில் உள்ளங்கையில் விழும் வெளிச்சத்துக்கு அளந்து பூட்டிவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது, உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் அசைந்தால் தட்டான் ஒதுங்கிவிடும்.

போனில் ஒன்றும் வரவில்லை

போனின் விளக்கு எல்இடி, ஃபிளாஷ் என்று பெயர்தான். பறக்கும் தேனீயை விட்டுவிட்டு, வெயிலில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் தட்டான் எழும்புவதை எடுங்கள். அதில் போன் நன்றாகவே செய்யும். மலைத்தேனீக் கூட்டுக்குக் கீழே போய்ப் போனை நீட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

எல்லாம் கூர்மை, ஆனால் பெட்டிக்குள் குத்தி வைத்த பூச்சிபோல இருக்கிறது

இது வந்தால் மற்றவை எல்லாம் கைவந்துவிட்டன. இறக்கை நாலும் தட்டையாக விரிந்த கணத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அதுதான் குத்திவைத்த தோற்றம். தட்டானின் முன் இறக்கையும் பின் இறக்கையும் தனித்தனியே இயங்குபவை. அந்தரத்தில் நிற்கும்போது ஒரு ஜோடி மேலே போனால் மற்றது கீழே வரும். தொடராக எடுத்ததில் இரண்டும் கத்தரிபோல் பிரிந்திருக்கும் படத்தைத் தேடுங்கள். கால்கள் நெஞ்சோடு மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் அது இறங்கப்போகிறது, அல்லது இப்போதுதான் எழுந்தது. அதுவும் நல்ல படம்தான், வேறு படம். ஷட்டரை 1/1000-க்கு இறக்கி, கண் கூர்மையாகவும் இறக்கை நுனி லேசாக இழுபட்டும் இருக்கும்படி ஒரு ஐம்பது எடுத்துப் பாருங்கள். என் சுவரில் மாட்டியிருப்பது அப்படி வந்த ஒன்று: தண்ணீருக்கு ஒரு ஜாண் மேலே காவல் நிற்கும் ஆண், பின் இறக்கை மட்டும் கரைந்திருக்கிறது, கீழே பெண் வாலால் தொட்ட வட்டம் விரிந்துகொண்டிருக்கிறது. பெண் படத்தில் இல்லை.